பக்கோக்கு வழி

ஜூன் 3, செவ்வாய்

காலை போன் முடிந்தது. மாந்தலே: திறப்பு, வழியெல்லாம் சோதனை. மோனிவா: லைன் கிடைக்கவில்லை. பியே: திறப்பு. மாகுவே: வடக்கே சண்டை, விமானம் வந்துபோயிருக்கிறது. பக்கோக்கு: மூடல். அத்தனையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். முதலாளி சிதம்பரம் பார்த்துவிட்டு, "உளுந்து ஏறும்" என்றார்.

பர்மாவில் எங்கே குண்டு விழுந்தாலும் கியாக்டடாவில் இந்தப் பயறு மண்டிக்குள் அது உளுந்து விலையாகத்தான் விழுகிறது. எந்த ஊர் வழி திறந்திருக்கிறது என்று கேட்டு எழுதுவது என் வேலை. நான் 'திறப்பு' என்று எழுதாமல் எங்கள் லாரி ஒன்றும் நகராது.

மழை. கரண்டு இல்லை.

ஜூன் 5, வியாழன்

பக்கோக்கு: மூடல். பாலத்துக்கு இந்தப் பக்கம் துப்பாக்கியோடு ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. எங்கள் லாரி இரண்டு அப்பால் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் அய்யாசாமி. இன்னொன்றில் என் மகன் மோகன். சரக்குப் பிடித்துக் கொடுக்கிற மியா அம்மா, இங்கத்து மரியாதையில் டோ மியா, வீட்டு முற்றத்தில்தான் இரண்டு பேருக்கும் படுக்கை.

அய்யாசாமியின் பெண்டாட்டி விஜயகுமாரி ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகேறி வந்தாள். மாசமாக இருக்கிறாள், எட்டு முடியப்போகிறது. போன் பண்ணிக் கேட்கக் கூடாதா என்றேன். "போன்ல நீங்க 'ம்'னு வச்சிருவீங்கக்கா. நேர்ல வந்தா மூஞ்சியப் பாக்கலாம்ல" என்றாள். வாய்க்காரி.

ஜூன் 6, வெள்ளி

வார்டுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற குலுக்கலில் மோகன் பெயர் விழுந்திருக்கிறது.

பக்கோக்கில் மாட்டிக்கொண்டான், வழி மூடல் என்றேன். மனுஷன் மரியாதையாகத்தான் பேசினார். "மூடியிருந்தா நான் என்ன பண்றது? ஆனா தொறந்ததும் வந்துரணும், டோ சொர்ணம். வரலேன்னா வீட்ல இருக்கற ஆளத்தான் கூட்டிட்டுப் போவாங்க."

வீட்டில் இருக்கிற ஆள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் போனது முதல் அப்படித்தான்.

வார்டுத் தலைவர் பர்மியத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த எழுத்தை இங்கே எவன் படிக்கப்போகிறான் என்கிற தைரியம்.

ஜூன் 9, திங்கள்

பக்கோக்கு: மூடல். அதை எழுதும்போது கை லேசாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

மாந்தலே: சோதனை அதிகம். மோனிவா: கிராமங்களில் தீ. மாகுவே: பீரங்கி. பக்கோக்கு: மூடல்.

விஜயகுமாரி மறுபடியும் வந்தாள். கீழே கடையில் மீன் சாறு ஊற்றிய சேமியா, மொகிங்கா, வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் இறங்கியது. "அந்தப் பாலத்துல நிக்கிறவனுங்க நாசமாப் போக! சீக்கிரம் முடியணும்னு நீங்களும் வேண்டிக்கங்கக்கா" என்றாள். ஆகட்டும் என்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் காளி கோயில். கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். என்ன கேட்டேன்? இன்னும் கொஞ்ச நாள் மூடியே இருக்கட்டும் என்றுதானே கேட்டேன். அங்கே செத்துக்கொண்டிருப்பதும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். சீ — நானும் ஒரு பொம்பிளை!

எழுதியாயிற்று. இதை அடித்து அழிக்கப்போவதில்லை.

ஜூன் 14, சனி

மூடல்.

ஜூன் 17, செவ்வாய்

மூடல். டோ மியாவின் போனில் மோகன் பேசினான். "சாப்பாடு உன்னுத விட நல்லாருக்கும்மா." குலுக்கல் விஷயத்தை அன்றைக்கே சொல்லியிருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மோரேயில் இருக்கிற மாமா, என் தம்பி, நம்பர் மட்டும் கேட்டான். கொடுத்தேன். எதற்கு என்று கேட்டிருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

நான் கூப்பிடுவதற்கு முன்பே டோ மியா கூப்பிட்டாள். பாலத்துக்காரர்கள் விடியற்காலையில் போய்விட்டார்களாம். மற்ற மண்டி வண்டிகள் கிளம்பியாயிற்று. "உங்க ரெண்டையும் விடவா?"

இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பலகையில், பக்கோக்கு: மூடல்.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி எழுதியதில்லை. முதலாளி பார்த்துவிட்டு உளுந்து என்றார். விஜயகுமாரி வரவில்லை. நல்லவேளை.

ஜூன் 20, வெள்ளி

வந்தாள். கால் இரண்டும் வீங்கி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். பலகையைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரு படுத்தே கெடக்கணும்னுட்டாருக்கா. தண்ணி தூக்க யாரு இருக்கா எனக்கு? மொதப் புள்ளயும் இப்பிடித்தான் போச்சு."

என் பிள்ளைக்காக இவள் பிள்ளையைக் கொடுக்கச் சொல்ல நான் யார்? எழுந்து போய் மூடலைத் துடைத்தேன். 'திறப்பு' என்று எழுதினேன். அவள் என்னையே பார்த்தாள்.

"இப்பத்தான் சேதி வந்துச்சாக்கா?"

"ஆமா."

நம்பினாளோ, நம்பியதாக இருந்தாளோ. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

பிறகு டோ மியாவுக்குப் போன். வண்டிகளை விடுங்கள், மோகனைக் கொஞ்சம் கூப்பிடுங்கள் என்றேன்.

"வழி தொறந்துருச்சுடா."

"தெரியும்மா. நேத்தே தொறந்துருச்சு."

"வான்னு நான் சொல்லல."

"நான் வரலேன்னா உன்னைய வந்து கேப்பாங்கல்லம்மா?"

"கேட்டா பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கு. நீ போனை வை."

ஜூன் 23, திங்கள்

இரண்டு லாரியும் வந்துசேர்ந்தன. முதல் வண்டியில் அய்யாசாமி. இரண்டாவதை ஓட்டிவந்தது டோ மியாவின் கொழுந்தன்.

அய்யாசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாவியக் குடுத்துட்டு மாமாகிட்டப் போறேன்னு சொல்லச் சொன்னான்க்கா" என்றான். அவனை டாலா படகுக்கு விரட்டினேன்.

என் தம்பி செல்வம் மோரேயில் கடை வைத்திருக்கிறான். அது எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தியா. பக்கோக்கிலிருந்து கங்கோ, கலே, தமு தாண்டிப் போக வேண்டும். மூன்றில் ஒன்றுகூட நல்ல வழி இல்லை. மோகனின் அம்மாவை விட அது யாருக்குத் தெரியும்?

ஜூன் 27, வெள்ளி

விஜயகுமாரிக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம்.

ஜூன் 30, திங்கள்

வார்டுத் தலைவர் வந்தார். வழி திறந்துவிட்டதே என்றார். திறந்துவிட்டது என்றேன். பையன்? வரவில்லை என்றேன். செருப்பு விடும் இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிப்போக ஆட்கள் வருவார்களாம்.

எனக்கு ஒரு பையில் மாற்றுத் துணி, துண்டு, சோப்பு, பிரஷர் மாத்திரை எடுத்துவைத்தேன். வேறென்ன வேண்டும், தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலை போன். மாந்தலே: திறப்பு. மோனிவா: விமானம். பியே: திறப்பு. மாகுவே: திறப்பு. பக்கோக்கு: திறப்பு. கங்கோ: சண்டை. கலே: லைன் இல்லை. தமு: மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

கடைசி மூன்று ஊரிலும் எங்களுக்கு ஒரு மூட்டை வியாபாரம் கிடையாது. முதலாளி பலகையை மேலிருந்து கீழே வரை படித்தார். இன்றைக்கு உளுந்து என்று சொல்லவில்லை.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு நீங்க வர முடியலேன்னா, போன் நான் போடுறேன். நம்பர எழுதி வச்சிட்டுப் போங்க, சொர்ணம்" என்றார்.

எழுதிவைத்தேன். தமுவுக்குக் கீழே செல்வம் கடை நம்பரையும்.