கஞ்சி எடுக்காத துணி

என் பிரியமான அம்மாவுக்கு,

ஆமாம், நான்தான் எழுதினேன். ஐந்து ஃபில்டர்களின் தகர மூடியிலும், பச்சைப் பெயிண்டில், உன்னுடைய ‘ச’. நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த வாரத்தில். நீ போடுவது மாதிரியே, வால் பக்கம் சற்றுத் தூக்கி. யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் மற்றவர்களும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்லவேண்டி வரும். பொறுத்துக்கொள்.

தூத்துக்குடி விசைப்படகுகளுக்கு ராஜபாளையத்தில் இன்ஜினுக்குக் காற்று ஃபில்டர் செய்கிறோம் என்றால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார். இங்கே கடலும் இல்லை, கடலில் தூசியும் இல்லை என்பார். நீ அவர்களிடம் ஒன்றுதான் கேட்பாய். “இன்ஜின் ரூமுக்குள்ள எறங்கிப் பாத்திருக்கீகளா?”

கயிற்று நார். பெல்ட் தேய்ந்த கரி. உதிர்ந்த பெயிண்ட். உப்பு. இன்ஜின் தானே கக்கித் தானே திரும்ப இழுக்கும் எண்ணெய்ப் புகை. பழைய இன்ஜின்களில் காற்று போகும் வாயில் ஒரு கம்பிவலை மட்டும் இருக்கும். அது கொசுவைத் தடுக்கும். வேறெதையும் தடுக்காது.

நீ அந்த வலையைக் கழற்றிவிட்டுப் பெரிய தகர டப்பா மாட்டினாய். உள்ளே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. நான்கு அடுக்கு, விசிறி மடிப்பு, இரண்டு பக்கமும் வலை, மேலே எண்ணெய். புண்ணுக்குக் கட்டுகிற துணியை இன்ஜினுக்குக் கட்டுகிறாள் என்று முதலில் கேலி செய்தவர்கள்தான் பிறகு வரிசையில் நின்றார்கள். எண்ணெய் செலவு குறைந்தது, புகை குறைந்தது, பழைய இன்ஜின் இன்னும் சில வருடம் ஓடியது.

எல்லாம் துணியில் கஞ்சி இல்லாதவரைக்கும்தான். தறியில் நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். கொதிநீரில் அலசி அதை எடுத்தால்தான் துணி எண்ணெயைக் குடிக்கும். எடுக்காத துணி விறைப்பாக நிற்கும். மடிப்புகள் கத்தி மாதிரி இருக்கும். பார்க்க அதுதான் அழகு. கடல் ஈரம் பட்டால் கஞ்சி இளகி, மடிப்பு மடிப்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு காற்றுக்கு வழி கிடையாது.

அந்த வாரம் நீ கட்டிலில் இருந்து கேட்டாய்.

“அந்தத் துணிக்கட்டு அலசியாச்சாட்டி?”

“ஆச்சும்மா.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

நான் பார்க்கவில்லை. நம் ஷெட்டில் வேலை செய்யும் பேச்சியக்கா அலசியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் அலசியிருப்பேன் என்று அவர் நினைத்தார். அண்டாவின் கீழே அந்த வாரம் யாருமே தீ வைக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்திருந்தால் போதும். அலசிய துணி உடனே குடித்துவிடும். அலசாததில் தண்ணீர் முத்தாக நிற்கும். நீ ஒவ்வொரு துணிக்கட்டுக்கும் அதைச் செய்வாய். எனக்கு அன்று ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நீ இரண்டாவது தடவை ஏன் கேட்டாய்? என் முகத்தில் ஏதாவது தெரிந்ததா? தெரிந்திருந்தால் ஏன் விட்டுவிட்டாய்?

நான்காம் நாள் நீ போய்விட்டாய். உன் இதயம் அவ்வளவுதான் தாங்கும் என்றார்கள். அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி, இன்ஜின்கள் பிரிந்து கிடந்தன. எல்லோரும் அந்தச் சமயத்தில்தான் புது ஃபில்டர் மாட்டுவார்கள். ஐந்தையும் பார்சலில் அனுப்பினேன். ‘சண்முகத்தாய் ஃபில்டர்’ கேட்டவர்களுக்கு வேறு எதை எழுதி அனுப்புவது? கோமதி என்றால் அவர்களுக்கு யாரென்று தெரியும்?

தடை முடிந்து மூன்றாம் நாள் காலை. ஷெட்டைத் திறந்தபோது ஒரு பார்சல் காத்திருந்தது. ஐந்தில் ஒன்று திரும்பி வந்திருந்தது. கறுத்த புகை வருகிறது, இழுவை இல்லை என்று ஒரு துண்டுத்தாள்.

பேச்சியக்காதான் மூடியைப் பிரித்தார். உன்னோடு எட்டு வருடம் மடிப்புப் போட்ட கை. உள்ளே மடிப்புகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து ஒன்றாகியிருந்தன. முகர்ந்து பார்த்தார். புளித்த வாடை.

“ஏட்டி, இதுல கஞ்சி இருக்குல்லா.”

மிச்சமிருந்த துணிக்கட்டை எடுத்து வந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நின்றது. இன்னொரு சொட்டு. அதுவும் நின்றது.

மற்ற நான்கு பேருக்கும் ஃபோன் செய்தேன். மூன்று படகுகள் கரையில் இருந்தன. கழற்றிவிடுகிறோம் என்றார்கள், திட்டிக்கொண்டே. நான்காவது சேவியர் அண்ணனுடைய படகு. அது விடியும் முன்பே போய்விட்டது. டிரைவர் அந்தோணியோடு ஆறு பேர்.

வெளியே மலைப்பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டின் தகரக்கூரை தடதடவென்று ஆடியது. ஆனிக் காற்று. இதே மேற்குக் காற்றுக்குத்தான் அங்கே கச்சான் என்று பெயர். இன்ஜின் நின்றால் அது படகைக் கரைக்குக் கொண்டுவராது. கிழக்கே தள்ளிக்கொண்டே போகும்.

சேவியர் அண்ணன் துறைமுகத்தில், இன்னொரு படகில், வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பிள்ள சொல்லுத? நல்லா ஓடுதுன்னுதான காலையில சொன்னான்?”

“சும்மா ஓடும்ணே. வலை இழுக்கையில காத்து பத்தாது. புகை கறுக்கும். பொறவு நின்னுரும். ஃபில்டரக் கழட்டிட்டுப் பழைய கம்பிவலைய மாட்டச் சொல்லுங்க. நாலு போல்ட்டுதான்.”

“எப்படி இப்படி ஆச்சு?”

பேச்சியக்கா என் முழங்கையைப் பிடித்தார். மெதுவாக, வாய் மட்டும் அசைய: “அம்மா பேரச் சொல்லிருட்டி. போனவுகள யாரு வையப்போறா?”

சொன்னேன். “அம்மாவுக்கு முடியாம இருந்தப்ப கட்டுனதுண்ணே. அசந்துட்டாங்க போல.”

எவ்வளவு எளிதாக வந்தது தெரியுமா. குரல்கூட மாறவில்லை.

அண்ணன் ஃபோனைத் துண்டிக்காமல் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். கரகரப்புக்கு நடுவே அந்தோணியின் குரல் எனக்கும் கேட்டது.

“யாரு, சண்முகத்தாயக்கா அசந்தாளா? அவ சாகக் கெடந்தாலும் கஞ்சித் துணியக் கையால தொடமாட்டா. மூடியில அவ எழுத்து இருக்கு, மாட்டும்போது நான் பாத்துத்தான மாட்டுனேன். இங்க கச்சான் இந்த அடி அடிக்கி. வலை தண்ணியில கெடக்கு. இப்பப் போயி இன்ஜின நிறுத்தச் சொல்லுதா. அந்தப் பிள்ளைக்கு என்ன கிறுக்கா?”

யாரோ சிரித்தார்கள். அதே அலைவரிசையில் இருந்த வேறு படகாக இருக்கவேண்டும்.

அம்மா, அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. அவர்களை அந்த ஃபில்டரோடு கட்டிப்போட்டிருப்பது நான்கு போல்ட் மட்டுமில்லை. உன் எழுத்து. உன்மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையை நான் பச்சைப் பெயிண்டில் எடுத்து ஒட்டியிருந்தேன். உன்மேல் பழியைப் போட்டாலும் அவர்கள் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை.

“விட்ருட்டி,” என்றார் பேச்சியக்கா. “நாம சொல்லியாச்சு. கேக்கலன்னா அவன் பாடு.”

ஆறு பேர். அவர்களில் ஒருவர் பெயர்தான் எனக்குத் தெரியும்.

“அண்ணே, ஃபோன அந்த மைக் பக்கத்துல வைங்க. நான் பேசணும்.”

“நீ என்னத்தப் பேசப்போற?”

“வைங்கண்ணே.”

வைத்தார். நின்றுகொண்டு பேசினேன், ஏனென்று தெரியவில்லை.

“அந்தோணியண்ணே, நான் கோமதி. அது அம்மா கட்டுனது இல்ல. நான் கட்டுனது. மூடியில இருக்கது என் எழுத்து. அம்மா மாதிரி நான் போட்டது. அலசியாச்சான்னு அம்மா கேட்டாங்க. பாக்காமலே ஆச்சுன்னு சொன்னேன். இப்ப அண்ணன்கிட்ட அம்மா மேல போட்டதும் பொய்தான். தயவுசெஞ்சு கழட்டிருங்க. அம்மா கட்டுன மத்ததெல்லாம் சரியா இருக்கும். இது மட்டும் என்னுது.”

கரகரப்பு. காற்று கேட்டது, மலைக்காற்றா கடல்காற்றா என்று தெரியாமல்.

பிறகு வேறொரு குரல், யாரென்று தெரியாது: “ஏ அந்தோணி, கழட்டுலே! ஒரு பொம்பளப்பிள்ள இத்தன பேர் கேக்கச் சொல்லுதுல்லா.”

இன்னும் கொஞ்சம் கரகரப்பு. “நிறுத்துதேன்,” என்றார் அந்தோணி. அவ்வளவுதான்.

ஓடும் பழைய இன்ஜினை நிறுத்துவது சுலபம். திரும்பக் கிளம்புமா என்பது வேறு. அதை அவரிடம் கேட்டுத்தான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டுமோ? பேட்டரி எப்படி இருக்கிறது என்றாவது? எனக்கு அப்போது தோன்றவில்லை. நிறுத்திய பிறகுதான் தோன்றியது.

சேவியர் அண்ணன் ஃபோனை வைத்துவிட்டார். நான் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் காதை வயர்லெஸ்ஸில் வைத்திருக்கட்டும் என்று விட்டேன். பேச்சியக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“நீ கத்துன கத்துக்கு வயர்லெஸ் எதுக்குட்டி? கூமாப்பட்டிக்காரனுக்கே கேட்டிருக்கும்.”

“அக்கா, பேசாம இருங்க.”

“பேசாம இருந்தா எனக்குப் படபடன்னு வருதுட்டி.”

அவரும் அந்த மடிப்புகளைப் போட்டவர்தானே. அதை நான் மைக்கில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த அரைமணி நேரத்தில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

உனக்குச் சொல்கிறேன். அந்த நேரத்தில் ஆறு பேரைப் பற்றி மட்டும் நினைத்தேன் என்று சொல்ல முடியவில்லை. நாளையிலிருந்து யாரும் நம்மிடம் வரமாட்டார்கள் என்றும் நினைத்தேன். இரண்டும் மாறி மாறி வந்தன. எது முதலில் வந்தது என்று கேட்காதே.

ஃபோன் அடித்தது.

“மூணாவது தடவையில இன்ஜின் எடுத்துட்டு,” என்றார் சேவியர் அண்ணன். மூச்சு வாங்கியது அவருக்கு. “வலைய ஏத்திட்டுத் திரும்பிட்டானுவ.”

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே படகு வந்துவிட்டது. ஆறு பேரும் இறங்கிய பிறகு அந்தோணி சேவியர் அண்ணனின் ஃபோனை வாங்கிப் பேசினார்.

“ஃபில்டரோட உள்வலை வளைஞ்சு போயிருக்கு பிள்ள. செத்த நேரம் விட்டிருந்தா கம்பி இன்ஜினுக்குள்ள போயிருக்கும்.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“அது கெடக்கட்டும். இனிமே உன் எழுத்த நீ போடு. அப்பத்தான் நான் சந்தேகமாப் பாத்து மாட்டுவேன்.”

சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை.

துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு பேர், இனி வேண்டாம், கம்பிவலையே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஒருவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சேவியர் அண்ணனும், பார்சலில் திருப்பி அனுப்பியவரும் புதிதாகக் கட்டித்தரச் சொல்லியிருக்கிறார்கள். “உங்கம்மாவுக்காக இல்ல,” என்றார் சேவியர் அண்ணன். “நீ சொன்னதுக்காக.” அது மன்னிப்பா, எச்சரிக்கையா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா?

மறுநாள் காலை பேச்சியக்கா எனக்கு முன்பே ஷெட்டுக்கு வந்து அண்டாவுக்குத் தீ வைத்திருந்தார். துணிக்கட்டு முழுவதையும் இரண்டு முறை கொதிக்கவிட்டோம்.

நீ இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிறகு, நீ என்னை அடித்ததே இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. நீ திரும்ப ஒரு தடவை கேட்பாய், அவ்வளவுதான். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் இப்போது எல்லா வேலையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல யாரும் இல்லாததால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன் அம்மா. இனி எதையும் பார்சலில் அனுப்பமாட்டேன். நானே கொண்டுபோய் மாட்டுவேன். படகைக் கரையில் கட்டிப்போட்டு, இன்ஜினை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதுவரைக்கும் அந்த வெக்கையில் பக்கத்திலேயே நிற்பேன். புகையின் நிறத்தை நானே பார்ப்பேன். யாராவது கேட்டால் நான் கட்டியது என்பேன்.

இன்று காலை இரண்டு ஃபில்டர்களையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் தூத்துக்குடி பஸ் ஏறினேன்.

உன் மகள்,
கோமதி