நாற்பத்தொன்றாம் நாள்

சூன் 3

மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். வேற்றுக்கோள் மாந்தரைப் பற்றிய அந்தப் பழம்பெரும் புதினத்தை நீங்கள் எடுத்துச் சென்று ஈராண்டு கடந்துவிட்டது. இக்கிளை நூலகத்தில் இருந்த ஒரே படி அது. ஞாயிறுதோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டம், நான் சொல்லக் கேட்ட கதையை வைத்துக்கொண்டு, இப்போது அதைப் பற்றித்தான் அடித்துக்கொள்கிறது. கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னால் எவரும் நம்புவதாயில்லை. "அச்சுல காட்டுங்கம்மா" என்கிறார்கள். ஆகவே நூலை உடனே திருப்பி அனுப்புக.

இவண்,
கிளை நூலகர்

பின்குறிப்பு: உங்கள் கம்பளிச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அது நூலகத்துக்கு உரிய பொருளன்று.

சூன் 9

அன்புள்ள நூலகருக்கு,

கட்டிய கணவனுக்கு அலுவலக முத்திரை குத்திக் கடிதம் விடுத்த மனைவி உலகிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். நூல் என் கருவிப்பெட்டியில், திருப்புளிகளுக்கு அடியில் நலமாக இருக்கிறது. நானும் அவ்வாறே.

இறுதி இயலை நான் இன்னும் படிக்கவில்லை. அன்று நாற்காலியில் அதைக் கையில் வைத்திருந்தேன். "ஆறு மாசமா வேற கிரகத்து ஆளு மாதிரி உக்காந்திருக்கீங்க. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றாய். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். "கடைசியில அவங்க போயிடுறாங்க. போதுமா?" என்று புதினத்தின் முடிவைப் போட்டு உடைத்துவிட்டு உள்ளே போனாய். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாய் என்று எண்ணினேன். மறுநாளே இவ்வூரின் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலைக்கு ஒப்புக்கொண்டு புறப்பட்டேன்.

உன் வாசகர்கள் என்னதான் சொல்கிறார்கள்?

இன்னும் உன் கணவன்

சூன் 14

அன்புள்ள உங்களுக்கு,

முடிவைச் சொன்னதற்கா வீட்டை விட்டுப் போனீர்கள்? நான் கோபத்தில் சொன்னது கதையை. நீங்கள் எடுத்துக்கொண்டது கட்டளையை. இரண்டாண்டுக்கு முன்பே இதை ஒரு வரியில் எழுதியிருக்கக் கூடாதா?

வாசகர் கருத்துகளைக் கேளுங்கள். விண்கலம் விளையாட்டுத் திடலில் இறங்கி, கதவைத் திறந்து, வாசலில் ஒரு விளக்கையும் ஏற்றி வைத்து நாற்பது நாள் காத்திருக்கிறதல்லவா? ஊரார் ஒருவரும் உள்ளே போகவில்லை. தையற்காரர் கேட்கிறார்: "கதவத் தொறந்து வெச்சவன் மேல தப்பா, எட்டிக்கூடப் பாக்காதவன் மேல தப்பா?" செவிலியர் விடுவாரா? "தொறந்து வெச்சா ஆச்சா? வாங்கன்னு ஒரு வார்த்தை வேணாமா? பேஷன்ட்கிட்டகூட நாங்கதான் முதல்ல பேசுவோம்" என்றார். அஞ்சற்காரர் தலையை ஆட்டிக்கொண்டு, "நாப்பது நாள் பொறுத்தவங்க இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாமே. அன்னிக்குத்தான் லெட்டர் வந்திருக்கும்" என்றார். வட்டமே அதிரச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நாம் இருவரும் அந்த மூவரிடமும் தோற்றுப்போனோம் என்று பட்டது.

ஒரு செய்தி. என்னைத் தலைமை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இம்மாத இறுதியில் இவ்வீட்டைக் காலி செய்கிறேன். அங்கே ஒருவருக்கு ஏற்ற அறையும் கிடைக்கிறது, இருவருக்கு ஏற்ற வீடும் கிடைக்கிறது. இருபத்தைந்தாம் நாளுக்குள் விடை சொல்ல வேண்டும். எதைச் சொல்லட்டும்?

உங்கள் மனைவி

சூன் 20

அன்பே,

இன்று பகலுணவு இடைவேளையில், ஒன்பதாம் மாடியில், நிறுத்தி வைத்த தூக்கியின் கூண்டுக்குள் அமர்ந்து இறுதி இயலைப் படித்தேன். அவர்கள் போகிறார்கள், மெய்தான். ஆனால் விளக்கை அணைக்காமல் திடலிலேயே விட்டுவிட்டல்லவா போகிறார்கள்! அதை அன்று நீ சொல்லவில்லை. நானும் இருந்து கேட்கவில்லை.

என் வாய் ஏன் அடைத்தது என்பதை இன்று சொல்லிவிடுகிறேன். பழுது நீக்கிய தூக்கியில் முதலில் ஏறிச் சோதிக்க வேண்டியவன், நீக்கியவனே. எங்கள் தொழிலின் ஒழுங்கு அது. நீ சொன்ன அந்த ஆறு மாதத்துக்குச் சற்று முன் ஒரு நாள், அவசரத்தில் நான் ஏறாமல் பிறரை ஏறவிட்டேன். தூக்கி நழுவியது. ஒருவருக்குக் கால் முறிந்தது. அவர் என்னைப் பழித்திருந்தால் தாங்கியிருப்பேன். "விடுப்பா, மிஷின்தானே" என்றார். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு உன் முன்னால் அமர்ந்திருந்தேன். சொன்னால் உன் கண்ணில் சிறுத்துப் போவேன் என்று அஞ்சினேன். சொல்லாததால் அயலானாகவே ஆனேன்.

வாசகர் வட்டத்தில் என் கருத்தையும் படித்துக் காட்டு: அந்நூலில் அஞ்சியவர்கள் ஊரார் மட்டுமல்லர், வந்தவர்களுந்தான்.

நூலை அஞ்சலில் அனுப்பப் போவதில்லை. நானே கொண்டுவர எண்ணுகிறேன். பழுது நான் செய்தது. முதலில் ஏற வேண்டியவனும் நானே. ஆனால் செவிலியர் கேட்ட அந்த ஒரு சொல் இல்லாமல் படியேற எனக்குத் துணிவில்லை.

உன்னவன்

சூன் 23

என்னவருக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீங்கள் என் கண்ணில் சிறுத்துப் போகவில்லை. இத்தனை பாரத்தை எனக்குத் தெரியாமல் சுமந்தீர்களே என்ற வருத்தம் உண்டு. அதை நேரில் திட்டித் தீர்த்துக்கொள்வேன்.

இருவருக்கு ஏற்ற வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் மாடி. மின்தூக்கி கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும்.

உங்கள் கருத்தை ஞாயிறன்று நீங்களே படியுங்கள். கம்பளிச் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

வாங்க.

உங்களவள்