உன் தமிழ் இருந்த இடம்

இன்று காலை பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்த பதிவுகளைப் புதிய சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒன்றைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன். "அப்பா, மாத்திரை போட்டியா? பொய் சொல்லாத, எனக்குத் தெரியும்." உன் குரல். அந்தப் பதிவுகளில் யார் பெயரும் இருக்காது, எண் மட்டும்தான். தெரியாமல் உன்னைத் திறந்துவிட்டேன். கழற்ற மனம் வரவில்லை.

உன்னை நான் முதலில் அலைகளாகத்தான் அறிந்தேன். வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துகொள்ள, மூளைக்குள் மெல்லிய கம்பிகளை இறக்கி, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று உன்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார்கள். ஒவ்வொரு கம்பியிலும் பல முனைகள். ஒவ்வொரு முனையும் மூளையின் மின்னசைவை ஓயாமல் பதிந்துகொண்டிருந்தது. கூடவே கேமரா, மைக். யாராலும் உட்கார்ந்து பார்த்து முடிக்க முடியாத அந்தக் குவியலைக் கணினியில் அலசி, ஸ்கேன் படத்தின் மேல் பொருத்திக் காட்டுவது என் வேலை.

வலிப்பு தொடங்கும் இடம் இடது பக்கம் என்று தெளிவாகவே தெரிந்தது. பேச்சுக்கான பகுதியும் அந்தப் பக்கம்தான். அதனால் ஒவ்வொரு முனையிலும் சிறிதளவு மின்சாரம் செலுத்தி, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். மின்சாரம் போகும் நேரம் அந்த இடம் வேலை செய்யாது; அது பேச்சுக்கானது என்றால் வார்த்தை வராது. தெலுங்கில் ஒன்றுகூடத் தடுமாறாமல் சொன்னாய். வலிப்பு கிளம்பும் அந்தப் பகுதி முழுவதையும் அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிடலாம் என்று முடிவானது.

எனக்கு மட்டும் அந்தப் பகுதியின் ஓரத்திலிருந்த ஒரு முனை உறுத்திக்கொண்டிருந்தது. நீ பேசும் நேரங்களைத் தனியே பிரித்துப் பார்த்தேன். நர்சுகளோடு பேசும்போது அது சும்மா இருந்தது. மாலையில் போன் வந்தால் பொங்கியது. அப்படி என்ன போன் என்று ஆடியோவைக் கேட்டேன். தமிழ்.

மறுநாள் வார்டுக்கு வந்து, "நீங்க தமிழா?" என்றேன். தலை முழுக்கக் கட்டோடு சிரித்தாய். "ஹவ், ஆமாங்க. வேலூர் பக்கம். அப்பா இங்க ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தாரு. நாச்சாரத்துல எங்க கம்பெனில எல்லாம் தெலுங்கு, ஹிந்திதான். தமிழ் அப்பாவுக்கு மட்டும்."

மருத்துவரிடம் சொன்னேன். சோதனையைத் தமிழில் இன்னொரு முறை வைத்தார்கள். அந்த முனைக்கு மின்சாரம் போனபோது சீப்புப் படம் காட்டினேன். நீ வாயைத் திறந்தாய். வார்த்தை வரவில்லை. "அது... தலைக்கு..." என்று கையால் வாரிக் காட்டினாய். மின்சாரத்தை நிறுத்தியதும் "சீப்பு!" என்று கத்தினாய். கத்திவிட்டு அழுதாய். அதே இடத்தில், அதே படத்துக்குத் தெலுங்கு வார்த்தை தடையில்லாமல் வந்தது.

முழுவதும் எடுத்தால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு, தமிழ் திக்கலாம்; அந்த ஓரத்தை விட்டுவைத்தால் தமிழ் தங்கும், வலிப்பு முழுசாக நிற்காமல் போகலாம். மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். உன் அப்பா யோசிக்கவே இல்லை. "அல்லாத்தையும் எடுத்துடச் சொல்லு கண்ணு. நாம தெலுங்குலயே பேசிக்கலாம்."

"உன் தெலுங்க கேட்டா ஆட்டோக்காரன் சிரிப்பான். நக்கோப்பா, வேணாம்," என்றாய்.

அந்த ஓரத்தை விட்டுவைத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. நீ வேலைக்குத் திரும்பினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் தார்நாகாவில் எங்கள் வீட்டுக்கு வருவாய். என் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால், "உங்கம்மா என் மண்டைக்குள்ளயே தமிழத் தேடிக் கண்டுபிடிச்சா, உங்ககிட்ட தேடினா கிடைக்கல பாரு" என்று சீண்டுவாய்.

பிறகு ஒரு காலையில் நீ எழுந்திருக்கவில்லை. தூக்கத்தில் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள்.

உன் அப்பாவைப் பார்க்கப் போக எனக்குக் கால் வரவில்லை. கடைசியில் போனேன். "நான் அதைக் கவனிக்காம விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"நான் எடுக்கச் சொன்னேன். அவதான் கேக்கல. உம்மேல எனக்கு இன்னாம்மா கோவம்? அவ மேலதான். அந்தக் கோவத்தச் சொல்றதுக்கும் அவதான் வேணும், இன்னா பண்றது?" என்றவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் பார்த்தது நல்லதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த முனையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். வேறு நாட்களில், தெரிந்துதானே நீ முடிவெடுத்தாய், தெரியாமலே யாரோ எடுத்துவிட்ட முடிவாக அது ஆகவில்லையே என்று தேற்றிக்கொள்வேன். இரண்டையும் சேர்த்தேதான் சுமக்கிறேன்.

ஒரு பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. யாருக்குச் சோதனை என்றாலும் முதல்நாளே வார்டுக்குப் போய், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டுவிடுவேன். போன மாதம் ஓர் அம்மா "தெலுங்கு" என்றார், கேஸ் பேப்பரில் இருந்தபடியே. உங்கள் அம்மாவிடம் என்ன பேசுவீர்கள் என்று மறுபடி கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, யாரோ திட்டப்போகிறார்கள் என்பதுபோல மெல்லிய குரலில் "லம்பாடி" என்றார். எங்களில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. மறுநாள் மருத்துவர் காத்திருக்க, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் தங்கையை உள்ளே அழைத்து, படங்களை அவள் கையில் கொடுத்தேன்.