வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

லாபிஸ்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளை சுகுமாறனும் வயிற்றுப்பிள்ளையும் அங்கே சுகமா என்று வழக்கம்போல் எழுதத்தான் உட்கார்ந்தேன், முதல் வரிக்கு மேல் அப்படி எழுத முடியவில்லை. எதிர்வீட்டு வீரமுத்து அண்ணன் மகள் லோஷினி நாளை டப்ளினுக்குப் பறக்கிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை பக்கத்திலேயே இருப்பார், இதையெல்லாம் அவர் காதுபட என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் வியாழக்கிழமை, தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் மட்டும் போடு, வேறெதையும் சேர்க்காதே, உடனே டாக்டரிடம் சொல் என்று மெசேஜ் மட்டும் அனுப்பினேன். ஏன் என்பதை இதில் எழுதுகிறேன்.

அன்று கிளினிக்கில் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஆறு மாதமாக ஒருநாள் விடாமல் தைராய்டு மாத்திரை போட்டும் ரத்தத்தில் இறங்க வேண்டிய எண் இறங்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, முகம் ஊதியிருக்கிறது, உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறேன் என்று சொன்னபோது வயசாச்சும்மா என்று சிரித்தாயே, எல்லாம் இதனால்தானாம். புதிதாக வந்திருக்கிற மலாய் டாக்டரம்மா, மருந்தை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் மக்சிக் என்று சொந்த அத்தையைக் கேட்பதுபோல் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். காலையில் மார்க்கெட்டில் சீனத்தி கடையில் சூடாக ஒரு பை சோயா பால் வாங்கி வருவேன், ரெண்டு தோசை சாப்பிடுவேன், பிறகு அந்தப் பாலிலேயே தைராய்டு மாத்திரையையும் முட்டிவலிக்கான கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்குவேன், ஒருநாள் தவறியதில்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சோயா பால், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் தைராய்டு மருந்தை உடம்பில் ஏற விடாதாம். எழுந்ததும் வெறும் தண்ணீரில் மருந்தைப் போட்டுவிட்டு, அரைமணியோ ஒரு மணியோ கழித்துத்தான் பசியாற வேண்டுமாம், மற்ற மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளியாம். சோயா ஒன்றும் விஷமில்லை, மருந்தோடு சேரக்கூடாது, அவ்வளவுதான் என்றார். வாட்ஸ்அப்பில் வருகிறதே, முட்டைக்கோஸ் தொடவே கூடாது என்று, அதையும் கேட்டேன். வேக வைத்து அளவாகச் சாப்பிடுங்கள் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதுதான் உன் முகம் நினைவுக்கு வந்தது.

உனக்கு நாள் தள்ளிப்போன புதிதில், வீடியோவில் ரெண்டு மாத்திரையைக் காட்டினாயே, ஒன்று தைராய்டுக்கு, ஒன்று இரும்புச் சத்துக்கு என்று. காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார்கள் என்றாய். நான் விட்டேனா? வெறும் வயித்துல மருந்து போட்டா குடல் புண்ணாயிரும்டி, வெள்ளக்காரங்களுக்கு நம்ம வயித்தப் பத்தி என்ன தெரியும், நல்லா சாப்பிட்டுட்டு சோயா பாலோட ரெண்டையும் ஒண்ணா போடு, பிள்ளைக்கும் சத்து, ஒரே வாயில வேலையும் முடிஞ்சிரும் என்றேன். உனக்கும் தம்பிக்கும் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ஒரு பிஸ்கட்டாவது ஊட்டாமல் நான் மருந்து கொடுத்ததே இல்லை. அந்தப் புத்திதான். நீ சரிம்மா என்றாய்.

என் மகள் மாசமாக இருக்கிறாள், அவளுக்கும் இதே மருந்துதான் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். முதல் மாதங்களில் பிள்ளைக்குச் சொந்தமாக அந்தச் சுரப்பு கிடையாதாம், தாயிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளுமாம், மூளை வளர அது வேண்டுமாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், குறைந்திருந்தால் மருந்தின் அளவைக் கூட்டுவார்கள், அதற்குள் நீங்களே முடிவு கட்டாதீர்கள் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். என் காதில் முன்னால் சொன்னதுதான் நின்றது. அலமாக், நான் என்ன காரியம் செய்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். வழக்கமாக டாக்டர் அங்கம்மா என்று கேலி பேசுகிற மனிதர் ஒரு வார்த்தை திட்டவில்லை, எழுந்து போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். மழை பெய்துகொண்டிருந்தது தேனு. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. தம்பி கவின் தெப்ராவிலிருந்து நேற்று வந்தான், ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்களாம், இளைத்துப் போயிருக்கிறான். அக்கா என்னைக்கும்மா ஒங்க பேச்சக் கேட்டுச்சு, பயப்படாதீங்க லா என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். முடியை வெட்டாதே என்றேன், வெட்டினாய். ஜாதகம் பொருந்தவில்லை என்றேன், கட்டிக்கொண்டாய். அவ்வளவு தூரம் போகாதே என்று அழுதேன், போனாய். ஆனால் மாசமான பிறகு நீ மாறிவிட்டாயே கண்ணு. அன்னாசியை விட்டாய், பப்பாளியை விட்டாய், நான் சொன்ன மறுவாரமே சோயா பால் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினாய். இப்பதான் என் பிள்ளைக்கு என் அருமை தெரியுது என்று அந்தப் படத்தைக் கோயிலில் எல்லாரிடமும் காட்டினேன்.

என் மெசேஜுக்கு, சரிம்மா, செவ்வாய்க்கிழமை டெஸ்ட் இருக்கு என்று மட்டும் பதில் போட்டாய். அன்றைக்குச் சொன்ன அதே சரிம்மா. இதுவரை எப்படிச் சாப்பிட்டாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பரிசோதனையின்போது எதையும் மறைக்காதே, அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று அவர்களிடமே சொல், எனக்கு வெட்கமில்லை. முடிவு எதுவானாலும் அன்றே கூப்பிடு, ஸ்பீக்கரில் போடாதே. லோஷினியிடம் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்திருக்கிறேன், உப்பு குறைத்துச் சாப்பிடு என்று எழுத வந்தேன், வேண்டாம், அதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்.

நீயும் உன் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். முப்பது வருஷமாக இந்தப் பிள்ளை என் பேச்சைக் கேட்கட்டும் என்று முருகனிடம் கேட்டவள், இந்த மூன்று நாளாக மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ என்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும் தேனு. அந்த டப்பாவை எனக்குப் படம் காட்ட மட்டும் வாங்கியிருக்க வேண்டும்.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்
அம்மா,
கா. அங்கம்மா