ஆளுக்கு ஒரு வரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் நலம். இரண்டு பேரும் நன்றாகத் தூங்குகிறார்கள். நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கணக்கு நோட்டில் கிழித்த தாள், அதனால்தான் கட்டம் கட்டமாக இருக்கிறது. உன் முகவரியை அம்மா அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள். அது அப்பாவுக்குத் தெரியாது.

ஜெயித்துவிட்டோம் அக்கா! சிறந்த ரசிகர் கூட்டத்துக்கான இசை விருது நம்முடைய ‘கடைசி பெஞ்ச்’ கூட்டத்துக்குத்தான்! நம் பாடகிக்கு இல்லை, நமக்கு! நீ என்னைக் குழுவில் சேர்த்துவிட்டபோது எண்ணூறு பேர், இப்போது அறுபதாயிரம் பேர். கடைசி பெஞ்சுக்குக் கடைசி இடம்தான் என்று மற்ற ரசிகர்கள் கிண்டலடித்தார்களே, அவர்களுக்கெல்லாம் இப்போது நமக்குக் கீழேதான் இடம்.

ஆனால் நான் எல்லாவற்றையும் கெடுக்க இருந்தேன். விருதுக்குப் போடும் ஓட்டோடு, இந்தப் பாட்டுகளை ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். நான் அழகாக ஒரு வரி எழுதி, எல்லோரும் இதையே போடுங்கள் என்றேன். போட்டார்கள். ஒரே வரி நாற்பதாயிரம் தடவை வந்ததும், இது மனிதர்கள் வேலை இல்லை, ஏதோ இயந்திரத்தின் வேலை என்று விருதுக்காரர்கள் அத்தனை ஓட்டையும் தள்ளிவிட்டார்கள். வேண்டுமானால் மறுபடி போடலாம், ஆனால் இரண்டே நாள்தான் பாக்கி.

யாருப்பா அந்த அறிவுக்கொழுந்து என்று குழுவில் கேட்டார்கள். நான்தான், ஒன்பதாவது படிக்கிறேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். அதுவரை என்னை ஏதோ காலேஜ் அக்கா என்று நினைத்திருந்தார்களாம்! குழுவை நடத்தும் கண்டக்டர் அண்ணன்தான், “பாப்பாவைத் திட்டாதீங்கப்பா. ஒரே டிக்கெட்ல நாப்பதாயிரம் பேரை ஏத்தினா எந்த செக்கிங்காரர் விடுவார்? ஆளுக்கு ஒரு வரி, சொந்தமா எழுதுங்க” என்றார்.

எழுதினார்கள் அக்கா! ஒரு நர்ஸ், டியூட்டி முடிந்து ஸ்கூட்டரில் அழுதுகொண்டே கேட்பேன் என்று எழுதியிருந்தார். பரீட்சையில் ஃபெயிலான அன்றைக்கு இந்தப் பாட்டு மட்டும்தான் என்னைத் திட்டவில்லை என்று ஒரு பையன். படிக்கப் படிக்க எனக்கு என் அழகான வரி மேலேயே கோபம் வந்தது.

இதையெல்லாம் எப்படிச் செய்தாய் என்று கேட்பாய். மார்க் குறைந்ததிலிருந்து என் போன் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அப்பா தூங்கிய பிறகு அவர் போனைத்தான் எடுப்பேன். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி ஓட்டுப் போடும் பக்கத்தை மூட மறந்துவிட்டேன். காலையில் அப்பா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி பார்த்தால், மதியம் ஒன்றேகாலுக்கு அப்பாவின் எண்ணிலிருந்து ஒரு ஓட்டு. கூடவே ஒரு வரி: “என் மூத்த பெண் பாத்திரம் தேய்க்கும்போது இதைப் பாடுவாள். லேத் ஓடும்போதும் எனக்குக் கேட்கிறது.”

நீ மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்றைக்கு, அவ பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது என்றாரே, அதே அப்பாதான்.

இருபத்து மூன்று ஓட்டில் ஜெயித்தோம் அக்கா. அதில் ஒன்று அப்பாவுடையது!

விருது வாங்க மேடைக்கு ஐந்து பேர் போக வேண்டும். தப்பை ஒத்துக்கிட்டவ முதல்ல நிக்கட்டும் என்று கண்டக்டர் அண்ணன் என் பெயரைக் கொடுத்துவிட்டார். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய தாள் மூன்று நாளாகப் புவியியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நாளைக்கு நானே கேட்டுவிடுவேன். அதற்காக இதை எழுதவில்லை.

நீ அப்பாவுக்கு ஒரு போன் பண்ணு அக்கா. மதியம் ஒன்றேகாலுக்குப் பண்ணு. சாப்பிடுவதற்காக லேத்தை நிறுத்தியிருப்பார், மணி அடித்தால் கேட்கும். முதல் தடவை எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதே, மறுபடி அடி.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் கடைசி பெஞ்ச் தங்கை