வெள்ளச்சிக்கு வைத்த களி

ஆடி 14, வியாழன்.

பேத்தி காவ்யாவுக்கு நாளைக்குப் பேச்சுப் போட்டி. சாயந்திரம் என் முன்னால் நின்று பேசிக் காட்டினாள். முதன்முதலாகப் பூமியைச் சுற்றின உயிர் ஒரு தெருநாயாம். ரஷ்யாக்காரர்கள் ராக்கெட்டில் அனுப்பினார்களாம். திரும்பி வர வழியே செய்யவில்லையாம். அனுப்பும் முன்னே அந்த ராக்கெட் வேலை பார்த்த ஒருத்தர் அதைத் தன் வூட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டாராம்.

அஞ்சாவதோடு நின்றவள் நான். பேத்தி பேசுவதைப் பூரிப்பாய்த்தான் கேட்டேன். வூட்டுக்குக் கூட்டிப்போன இடம் வந்ததும் எங்கள் நாய் ஞாபகம் வந்துவிட்டது.

போன வருசம் எங்கள் நாய் வெள்ளச்சி பக்கத்து வூட்டுக் கோழிகளைப் பிடித்தது. தினமும் சண்டை. நான்தான் தக்காளி வேனில் ஏற்றி, ஓசூர்ப் பக்கம் இறக்கிவிடச் சொன்னேன். ஏற்றும் முன்னே கறிக்குழம்பு ஊற்றிக் களி வைத்தேன். வாலை ஆட்டிக்கொண்டே தின்றது. காவ்யாவிடம் ஓடிப்போச்சு என்று சொல்லிவிட்டேன்.

பேசி முடித்ததும் காவ்யா கேட்டாள்: "ஏன் ஆயா, சாவத்தான் அனுப்புறோம்னு தெரிஞ்சும் எதுக்கு அதை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு?"

"பாவம்னு தோணியிருக்கும் சாமி."

"தோணினா அனுப்பாம இருந்திருக்கலாமில்ல?"

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

போட்டி முடிந்து வரட்டும், சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் காவ்யா வெள்ளச்சியின் சட்டியைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத்தான் படுத்தாள். எங்கிருந்தோ அவ்வளவு தூரம் நடந்து திரும்பி வந்தால் தாகமாய் இருக்குமாம்.