திருப்பி அனுப்பப்பட்ட மகன்

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மேட்டுநாடாளும் முதேகி வேந்தரின் திருவாணைப்படி முதலமைச்சன் கரங்கா எழுதும் ஓலை. ஏரிநாடு காக்கும் கரியூகி மன்னர் கண்டருள்க. தங்கள் ஏரியில் நீரும், தொழுவில் கன்றும், அரண்மனையில் நலமும் குறைவறப் பெருகுக.

ஆற்றங்கரை மேய்ச்சல் நிலத்துக்காக நம் இரு நாட்டாரும் மாண்டது போதும் என்று நடுவராய் வந்த முகெண்டியாரைத் தாங்கள் அறிவீர்கள். தென்கரை நாட்டை நெடுங்காலம் ஆண்டு, ஆட்சித் தவணை முடிந்ததும், ஊர்ச்சபைகள் காலில் விழாக் குறையாகக் கெஞ்சியும் கேளாமல் அரியணை விட்டிறங்கியவர் அவர். அதன்பின் அவர் தம் வீட்டில் தங்கியதைவிடப் பிறர் சண்டை தீர்க்கப் பாசறைகளில் படுத்ததே அதிகம். அவருடைய ஒரே மகன், மருத்துவன் முரீதி, எம் வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப் போடுகையில் தங்கள் படையிடம் சிக்கினான்.

சென்ற திங்களில் தாங்கள் அவனை நல்லெண்ணக் காணிக்கையாகத் தந்தையிடமே அனுப்பினீர்கள். அவன் வழியில் இருக்கையிலேயே செய்தி எட்டி எம் அவை கொதித்தது. நடுவர் விலைபோய்விட்டார், இனி நிலம் போனதுதான் என்று படைத்தலைவர்கள் வாய் கிழியப் பேசினர். உண்மை அறிந்துவர வேந்தர் அடியேனை அனுப்பினார்.

அடியேன் சேர்ந்தபோது, நடுவர் கூடாரத்தில் முகெண்டியார் அப்போதுதான் வந்திறங்கிய மகனின் வீங்கிய கால்களை வெந்நீரால் கழுவிக்கொண்டிருந்தார். சோளக் கூழைத் தம் கையாலேயே ஊற்றினார். அவன் உண்டு முடித்ததும் தம் போர்வையை அவன் தோளில் போர்த்தி, "உன்னை வைத்துக்கொண்டால் மேட்டுநாட்டார் என்னை எப்படி நம்புவார்கள்? போர் நிற்காது, மகனே. திரும்பிப் போ" என்றார்.

அவன் எழுந்து, தன்னைக் கொண்டுவந்த தங்கள் காவலரோடு நடந்தான். மேடு தாண்டி மறைந்த பிறகே கிழவர் வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதார். அடியேனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இதைக் கேட்டு எம் வேந்தர் நடுவர் வகுக்கும் எல்லைக்கு உடன்படுவதாக அறிவித்து, எழுதி வைத்திருந்த நிபந்தனைகளையெல்லாம் நீக்கி, ஒன்றை மட்டும் வைத்தார்: முரீதி விடுதலையாக வேண்டும். தாங்களாக விட்டால் அது நடுவருக்குக் கையூட்டு. எதிர்நாட்டாராகிய நாங்களே கேட்டுத் தாங்கள் விடுவித்தால் எவர் குறை சொல்வார்?

எருதுக்கொம்பு இலச்சினையிட்டு விடுத்த இவ்வோலை கண்டதும் அவனைத் தந்தையின் கூடாரத்தில் சேர்ப்பித்தருள்க. முகெண்டியாருக்கு இது தெரியாது. அவரைக் கேட்கவும் வேண்டாம். கேட்டால், மற்றக் கைதிகளை முதலில் விடுங்கள் என்பார்.